தொண்ணூற்றொன்றா, தொண்ணூற்றேழா? தாத்தாவின் வாழ்க்கையை எழுதப் போகும் பேத்திக்கு

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பாவைப் பெற்ற தாத்தா 2024 நவம்பரில் காலமானார். கெடாவில், கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியே ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவர். 1988இல் ஓய்வு பெற்றார். முதலாமாண்டுத் திவசத்திற்கு அவர் வாழ்க்கையைச் சிறு நூலாக அச்சிட்டுச் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க அப்பா விரும்புகிறார். எழுதும் பொறுப்பு என்னுடையது. தாத்தா பேசியதில் நாற்பது நிமிடம் போல கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேனே என்று மனம் அடித்துக்கொள்கிறது. அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1933. சித்தப்பாவோ 97 வயதில் போனார் என்கிறார். பதிவில் தாத்தா, "எட்டு வயசுல கங்காணி கூட்டிக்கிட்டு வந்தாரு, ரஜூலாவுல தங்கச்சிய இடுப்புல வச்சிக்கிட்டே வந்தேன்" என்கிறார். "அப்பாவ சயாம் ரயிலுக்குப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க, என்னைய ஆள் சின்னதுன்னு தள்ளிட்டாங்க", "அப்பறம் சயாம்காரன்தான் எங்கள ஆண்டான்", "ஜப்பான்காரன் காலத்துல எட்டரைக்குத்தான் விடியும்" என்றும் சொல்கிறார். கடைசி இரண்டும் வயோதிகத்தின் குழப்பம், போடாதே என்கிறார் பெரியப்பா மகன். நடுவயதில் தாத்தாவுக்குக் கள் பழக்கம் இருந்தது. பாட்டி பட்ட பாட்டைக் குடும்பமே அறியும். ஐம்பதை நெருங்கும்போது விட்டுவிட்டார். அதைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது என்கிறார் சித்தப்பா. பாட்டிக்கு இப்போது 88 வயது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நான் எதை எழுதுவது, எதை விடுவது?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் அண்ணன் நீக்கச் சொல்லும் இரண்டு வாக்கியங்களும் உண்மை. குடும்ப வரலாறுகளையும் வாய்மொழிப் பதிவுகளையும் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். முதியவர்கள் தேதிகளையும் ஆண்டுகளையும் மாற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் தங்கள் உடம்பு பட்டதை அவர்கள் அநேகமாகச் சரியாகவே சொல்வார்கள். யார் ஆண்டான், எப்போது விடிந்தது, யாரைப் பிடித்துப் போனார்கள் என்பவை அந்த வகை நினைவுகள்.

சயாம்காரன் ஆண்டது பற்றி முதலில் சொல்கிறேன். மலாயாவில் ஆங்கிலேயர் போய் ஜப்பானியர் வந்தார்கள், ஜப்பானியர் போய் மறுபடியும் ஆங்கிலேயர் வந்தார்கள் என்றுதான் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் 1943 அக்டோபரில் தாய்லாந்திடம், அதாவது சயாமிடம், ஒப்படைத்தது. போர் முடியும்வரை அவை தாய்லாந்தின் நிர்வாகத்தில் இருந்தன. பினாங்கும் பேராக்கும் அதில் சேரவில்லை. ஆகவே அந்த ஒற்றை வாக்கியம் ஒரு சான்றாகவும் நிற்கிறது: 1943 கடைசியில் உங்கள் தாத்தா கெடாவில்தான் இருந்திருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய தந்தையைப் போன்றவர்களைக் கொண்டு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளமான சயாம்–பர்மா ரயில் பாதை முடிந்ததும் அதே 1943 அக்டோபரில்தான். தகப்பனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், சயாம் மகன் இருந்த இடத்துக்கு வந்தது. பதின்ம வயதுப் பையன் ஒருவன் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருந்ததில் வியப்பில்லை.

எட்டரை மணி விடியலும் அப்படித்தான். மலாயாவைப் பிடித்ததும் ஜப்பானியர் இங்கிருந்த கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். அது அதுவரை இருந்த மலாயா நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருந்தது. இன்று நாம் வைத்திருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பினாங்கில் இப்போது காலை ஏழரை மணி அளவில் சூரியன் உதிக்கிறது; அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், தாத்தாவின் எட்டரை கச்சிதமாகக் கிடைத்துவிடும். இது தொடர்பாக வேறொரு சிறு திருத்தத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. பதிவில் தாத்தா அறுபதுகளின் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) நேரத்தை ஐந்து மணி என்று சொல்லியிருந்தால், அது இன்றைய கணக்கில் ஐந்தரை. நூலில் அவர் சொன்ன மணியையே போட்டு, அடியில் ஒரு வரியில் இதை விளக்கிவிடுங்கள். அவர் வாயிலிருந்து வந்ததைத் திருத்தி எழுத வேண்டாம்.

இனி வயதுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்ததற்குக் காரணம் இதுதான். தாத்தா தம் வயதைத் தாமே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார், துண்டு துண்டாக.

ரஜூலா கப்பலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. "கங்காணி கூட்டிக்கிட்டு வந்தாரு" என்பதுதான் நமக்கு உதவுகிறது. ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்தவர்தான் கங்காணி. பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, 1930இல், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வருவது நிறுத்தப்பட்டது; 1934இல்தான் மறுபடி தொடங்கியது. பிறகு 1938இல், உதவி பெற்று மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளராகப் போவதை இந்திய அரசாங்கமே தடை செய்துவிட்டது. கங்காணியோடு குடும்பமாக வந்தவர்கள் என்றால் 1934க்கும் 1938க்கும் இடையில் வந்திருக்க வேண்டும், அல்லது 1930க்கு முன்னால் வந்திருக்க வேண்டும். 1930க்கு முன்னால் எட்டு வயது என்றால் 1943இல் அவர் இருபதைத் தாண்டிய இளைஞர். அப்படி ஒருவரை ரயில் வேலைக்கு ஆள் பிடித்தவர்கள் சின்னப் பையன் என்று விட்டிருக்க மாட்டார்கள். அதை ஒதுக்கிவிடலாம்.

1934 முதல் 1938 வரையிலான இடைவெளியில் எட்டு வயது என்றால், பிறந்தது 1926க்கும் 1930க்கும் இடையில். நம்மவர்கள் நடப்பு வயதைச் சொல்லும் வழக்கம் உண்டு. எட்டு நடக்கிறது என்றால் ஏழு முடிந்திருக்கிறது என்று பொருளாவதால், 1931 வரை நீட்டிக்கொள்ளலாம். 1943இல் ஆள் சின்னது என்று தள்ளப்பட்டவர் அப்போது பன்னிரண்டு முதல் பதினைந்துக்குள் இருந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டால், 1928க்கும் 1931க்கும் இடையில் பிறந்தவர் என்ற முடிவுக்கு வருகிறோம். காலமானபோது அவருக்கு 93 முதல் 96. சித்தப்பாவின் 97 சற்றுக் கூடுதல். அட்டையின் 91 நிச்சயமாகக் குறைவு. 1933இல் பிறந்திருந்தால் கப்பலில் அவருக்கு அதிகம் போனால் ஐந்து வயது. ஐந்து வயதுக் குழந்தை தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தனை நாள் கடல் கடந்து வந்தது என்பதை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

அட்டையில் ஏன் 1933? கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியை அடக்க அவசரகாலச் சட்டம் வந்த 1948இல்தான் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வயதை யாராவது மதிப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்தில் அது கிராணியாக (எழுத்தராக) இருந்திருக்கலாம், கங்காணியாக இருந்திருக்கலாம், வரிசையில் நின்றவரே குத்துமதிப்பாகச் சொன்னதாகவும் இருந்திருக்கலாம். உங்கள் தாத்தா உருவத்தில் சிறியவர். ரயில் வேலையிலிருந்து அவரைக் காப்பாற்றிய அதே உருவம் ஐந்தாண்டுகள் கழித்து அவர் வயதைக் குறைத்து எழுத வைத்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். நூலில் எழுதினால் ஊகம் என்றே எழுதுங்கள். அதன் விளைவு மட்டும் ஊகமில்லை. ஊழியர் சேமநிதிப் பணம் முழுவதையும் அப்போது 55 வயதில்தான் எடுக்க முடிந்தது. அட்டைப்படி அவருக்கு 55 ஆனது 1988இல், நீங்கள் குறிப்பிடும் ஓய்வு ஆண்டும் அதுவே. அப்போது அவருடைய உண்மையான வயது 57 முதல் 60. யாரோ போட்ட ஓர் எண்ணுக்காக அவர் சில ஆண்டுகள் கூடுதலாக இருட்டில் எழுந்து மரத்தடிக்குப் போயிருக்கிறார். நூலில் நான்கு பக்கம் புகழ்ந்து எழுதுவதைவிட இந்த ஒரு செய்தி உங்கள் உறவினர்களிடம் அதிகம் பேசும் என்று நினைக்கிறேன்.

நூலின் முதல் பக்கத்தில், "பிறப்பு: 1928க்கும் 1931க்கும் இடையில், அடையாள அட்டையில் 1933" என்று இரண்டையும் போடுங்கள். சித்தப்பா கேட்டால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். இன்னும் நெருக்கிப் பார்க்க விரும்பினால், உங்கள் அப்பா உட்பட ஆறு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தந்தையின் வயது அவற்றில் குறிக்கப்பட்டிருந்தால், தாத்தா அந்தந்த ஆண்டில் தமக்கு எத்தனை வயது என்று நினைத்தார் என்பது தெரியும். ஆறும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதுவும் ஒரு செய்திதான். குடியுரிமைச் சான்றிதழ் பெட்டியில் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு, பிந்திய முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களில் சில பிரிவினருக்கு மலாய் மொழித் தேர்வு இல்லை என்ற சலுகை இருந்தது. அந்தக் காலத்தில் வாங்கியிருந்தால், தோட்டத்தில் யாரோ விவரம் தெரிந்தவர் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று பொருள். அது யார் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.

அவருடைய தந்தையைப் பற்றி. அவர் சயாமிலிருந்து திரும்பியதாக உங்கள் கடிதத்தில் இல்லை; திரும்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். திரும்பி வராதவருக்குத் திதி தெரியாது, புதைத்த இடம் தெரியாது. பல குடும்பங்கள் அதனாலேயே அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டன. நீங்கள் விடாதீர்கள். பெயர், சொந்த ஊர், தோட்டத்திலிருந்து எத்தனை பேரோடு போனார் என்பதில் எது கிடைக்கிறதோ அதை எழுதுங்கள். தாத்தா தம் தந்தைக்கு ஆண்டுதோறும் ஏதாவது செய்தாரா, எந்த நாளில் செய்தார் என்று பாட்டியைக் கேளுங்கள். தை அல்லது ஆடி அமாவாசையில் செய்திருந்தால் அதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

பாயான் லெப்பாஸிலேயே இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஜெரெஜாக் தீவில், போருக்கு முன்னால் பினாங்கில் வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காகத் தங்க வைத்த முகாம் இருந்தது. தாத்தாவின் பதிவில் தீவு, முகாம், கூடாரம், மருந்துக் குளியல் என்று எங்காவது வருகிறதா என்று மறுபடி கேட்டுப் பாருங்கள். முதல் முறை கேட்கும்போது பொருள் தெரியாமல் கடந்து போகும் சொற்கள் இப்படித்தான் பிறகு வெளிச்சம் பெறும்.

கள் பற்றிய கேள்விக்கு என் பதில் சித்தப்பாவுக்குப் பிடிக்காது. எழுதலாம், ஆனால் அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அடி வாங்கியிருந்தாலும் பட்டினி கிடந்திருந்தாலும் அது பாட்டியின் வாழ்க்கை. அவரைத் தனியாக உட்கார வைத்து, "இதைப் போடட்டுமா, பாட்டி? எப்படிப் போடட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள், மறுபடி கேட்டு நச்சரிக்க வேண்டாம். போடு என்றால் பாட்டியின் வார்த்தைகளிலேயே, நான்கைந்து வரிகளில், சாக்குப்போக்கு இல்லாமல் போடுங்கள். தோட்டத்தின் சூழலையும் ஒரு வரியில் சொல்லலாம். கள்ளுக்கடை தோட்டத்துக்கு உள்ளேயே உரிமத்தோடு இருந்தது. சம்பளம் வாங்கிய கை வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கடந்தாக வேண்டும். அதை எதிர்த்து 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற தமிழ் இளைஞர் அமைப்பினர் போராடியதும் உண்டு, அப்போது உங்கள் தாத்தா அதே மாநிலத்தில் வளர்ந்த பையன். இதைக் காரணமாக எழுதலாம், மன்னிப்பாக எழுதக்கூடாது. எல்லாரும்தான் அந்தக் கடையைக் கடந்து போனார்கள், எல்லாரும் நுழையவில்லை. ஐம்பதை நெருங்கும்போது விட்டார் என்கிறீர்களே, எதனால் விட்டார் என்பதையும் பாட்டிதான் சொல்ல முடியும். விட்டதை எழுதுவதற்கு இருந்ததை எழுதியாக வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அவர் கொஞ்சம் இறங்கி வரலாம்.

கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேனே என்ற வருத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நாற்பது நிமிடக் குரல் பல குடும்பங்களிடம் இல்லாத சொத்து. அதைவிட முக்கியம், 88 வயதில் பாட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். தாத்தாவைப் பற்றிய வருத்தத்தில் மூழ்கிப் பாட்டியைக் கேட்காமல் விட்டால் அந்தத் தவறு இரண்டு மடங்காகும். தோட்டத்துப் பெண்கள் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள்தாம். அதனால் தாத்தாவின் நினைவுகளுக்குச் சாட்சியாக மட்டும் பாட்டியை நிறுத்தாமல், அவருடைய வேலையையும் கேளுங்கள். காலையில் கேளுங்கள், அரை மணிக்கு மேல் நீட்டாதீர்கள். "அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டம்தான்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவீர்கள், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் யார் விட்டார்கள், மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் சம்பளம் உண்டா, அவசரகாலத்தில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போக விட்டார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க, பல இடங்களில் தொழிலாளர் வெளியே உணவு எடுத்துச் செல்வது அப்போது தடை செய்யப்பட்டிருந்தது.

தாத்தாவின் வெட்டுக் கத்தி வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதைப் படமெடுத்து நூலில் போடுங்கள், அவர் மாலையோடு நிற்கும் படத்துக்கு அடுத்த பக்கத்திலேயே. முனையில் மடிந்திருக்கும் அந்தச் சிறு வாய், சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருக்கும். மரத்தின் உள்தோலைக் காயப்படுத்தாமல், பட்டையை ஒரு மில்லிமீட்டர் சொச்சம் மட்டும் சீவி எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் புண்ணாகிக் கட்டி விழும், ஆழம் போதாவிட்டால் பால் வராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் இருட்டிலேயே தொடங்க வேண்டியிருந்தது. மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) விழும் பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டு வந்து, மறுநாள் வெட்டில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலையும் பிய்த்தெடுத்துக் கணக்குக் கொடுக்கிற ஒரு முழு வேலைநாளை நூலில் ஒரு பக்கம் விரிவாக எழுதுங்கள். பாயான் லெப்பாஸ் அடுக்ககத்தை மட்டுமே அறிந்த பிள்ளைகள் படிக்கப் போகிற நூல் இது. தாத்தா நல்லவர், கடும் உழைப்பாளி, பாசமானவர் என்ற வாசகங்கள் நாளிதழ்களின் நினைவஞ்சலி விளம்பரங்களில் எல்லாத் தாத்தாவுக்கும் வருகின்றன. உங்கள் தாத்தாவை அவற்றால் அடையாளம் காண முடியாது.

பதிவைப் பற்றிய நடைமுறை விவரங்கள் சில. மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் கிடந்தால் கைப்பேசி மாற்றும் அன்று போய்விடும். எழுத்தில் இறக்கும்போது தோட்டத்துப் பேச்சு அப்படியே இருக்கட்டும், இலக்கணம் திருத்த வேண்டாம். நடுவில் அவர் நிறுத்திய இடங்களையும் இருமிய இடங்களையும் வெட்டிவிடாதீர்கள். போருக்கு முந்திய தோட்டச் செய்திகளையும் கப்பல் வருகைகளையும் தேட, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய நாளிதழ்களைப் பாருங்கள், தமிழ் முரசும் அதில் உண்டு. தேடும் முன், தோட்டத்தின் அதிகாரப்பூர்வமான பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் கூப்பிட்ட பெயர் ஆவணங்களில் இராது.

திவசத்துக்குள் முழு நூலையும் முடிக்கத் துடிக்காதீர்கள். அன்றைக்குப் பதினாறு பக்கம் போதும். பிறந்த ஆண்டுக் கணக்கு, கப்பல், சயாம், ஒரு வேலைநாள், சில படங்கள். கடைசி இரண்டு பக்கங்களைக் கோடு போட்டு வெறுமையாக விட்டு, "உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள்" என்று அச்சிட்டு, வந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும் பேனாவோடு கொடுங்கள். கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் வரும் பழைய தோட்டத்து ஆட்கள் பக்கத்தில் உங்கள் அண்ணனை உட்கார வையுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும். சயாம்காரன் ஆட்சியைப் பற்றி அவர்களிடம் அவரே கேட்கலாம்.